சுவரில் ஓதம்: குழாய்க் கசிவா, காற்றோட்டக் குறையா? செலவு யார் தலையில்?

#1 – சாவிக்கொத்து

வாடகை வீடு ஒன்றில் படுக்கையறை ஓதம் காக்கிறது. உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவே நின்று வழி சொல்ல வேண்டியிருக்கிறது. பார்த்த வரைக்கும் நிலவரம் இதுதான்.

குளியலறையை ஒட்டிய உட்சுவரில், தரையிலிருந்து 45 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலத்துக்கு ஈரத் திட்டு. பெயின்ட் கொப்பளித்து உதிர்கிறது. திட்டின் விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. அதே அறையின் வெளிச்சுவரில், அலமாரிக்குப் பின்னால், மேல்மூலையில் கறுப்புப் புள்ளிகள். அலமாரியைத் திறந்தால் துணியெல்லாம் பூஞ்சை வாடை.

உரிமையாளர் கட்சி: "ஜன்னலைத் திறப்பதே இல்லை, துணியை உள்ளேயே காயப்போடுகிறார்கள்." குடியிருப்பவர் கட்சி: "உள்ளே குழாய் உடைந்திருக்கிறது, சுவரை உடைத்துப் பாருங்கள்." முன்பணத்தில் பிடிப்பது, வாடகையை நிறுத்துவது வரைக்கும் பேச்சு போய்விட்டது. சுவரை உடைக்காமல் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

#2 – ரசமட்டம்

முடியும். முதலில் ஒன்று: அந்த ஈரத் திட்டில் அல்லது அதற்கு ஒரு கை நீளத்துக்குள் ப்ளக் பாயின்ட் இருக்கிறதா? இருந்தால் அந்த சர்க்யூட்டின் பிரேக்கரை இறக்கிவிட்டுப் பிறகு மற்ற வேலையைப் பாருங்கள். உப்புக் கலந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும்.

நீங்கள் எழுதியிருப்பது ஒரு நோய் அல்ல, இரண்டு. கீழே இருப்பதும் மேலே இருப்பதும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவதால்தான் இருவருக்கும் தன் பக்கம் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது.

கறுப்புப் பூஞ்சையும் உப்பும் ஒரே இடத்தில் பெரும்பாலும் சேர்ந்து வராது. உப்பு பூத்திருக்கிறது என்றால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வெளியே வருகிறது. செங்கல்லிலும் காரையிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, மேற்பரப்பில் தான் ஆவியாகி, உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. பெயின்ட் கொப்பளிப்பதும் அதே காரணத்தால்தான், பின்னாலிருந்து வரும் தள்ளுதல். பூஞ்சை மட்டும் இருந்து, பெயின்ட் ஒட்டியபடியே இருந்தால், ஈரம் அறைக் காற்றிலிருந்து சுவர் மேல் படிந்திருக்கிறது. அது உள்ளே வந்த தண்ணீர் இல்லை, மேலே அமர்ந்த தண்ணீர்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. சமையலறை அலுமினியத் தாளில் 30 செ.மீ. சதுரம் வெட்டி, சுவரின் ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். உதிரும் பெயின்ட் மேல் டேப் நிற்காது, அதைச் சுரண்டிவிட்டு ஒட்டவும். 24 முதல் 48 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் அறைப் பக்கம் நீர்த்துளி என்றால் காற்றின் ஈரம். சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள் தண்ணீர். இரண்டு இடத்திலும் ஒவ்வொன்று ஒட்டுங்கள்.

கூடவே ஈரத் திட்டின் எல்லையைப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். வாரம் ஒருமுறை அதே இடத்தில் நின்று, அளவுநாடா தெரியும்படி படம் எடுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவுகிறதா, சுருங்குகிறதா என்பது பிறகு எல்லாவற்றுக்கும் உதவும்.

#3 – சொட்டுநீர்

குழாய் உடைந்திருக்கிறது என்று குடியிருப்பவர் சொல்வதைச் சரிபார்க்கச் சுத்தியல் வேண்டாம், மீட்டர் போதும். வீட்டில் எல்லாக் குழாயையும் அடைத்து, ஃப்ளஷ் டேங்கின் வால்வையும் மூடி, மீட்டர் அளவைக் கடைசி இலக்கம் வரை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் தொடக்கூடாது. முள் நகர்ந்தால் அழுத்தக் குழாயில் கசிவு. மீட்டர் இல்லாத வீட்டில் மேல்தொட்டிக்கு வரும் தண்ணீரை நிறுத்தி, இரவு முழுக்க விட்டு, நீர்மட்டத்தைக் காலையில் அளக்கலாம்.

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள்: மீட்டர் நகரவில்லை என்றதும் "கசிவே இல்லை" என்று முடிவுகட்டிவிடுவது. கழிவுநீர்க் குழாயிலும் குளியலறைத் தரையிலும் ஏற்படும் கசிவு மீட்டரில் தெரியாது. அந்தத் தண்ணீர் மீட்டரை எப்போதோ தாண்டி வந்துவிட்டது. பயன்படுத்தும்போது மட்டும் கசியும். எனவே மீட்டர் அசையாவிட்டால் அடுத்த கட்டம் இது, ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி விட்டு:

முதலில் வடிகால் மட்டும். ஒரு குழாயை நேராக வடிகால் வாய்க்குள் விட்டு, தரை நனையாமல் பத்து நிமிடம் தண்ணீர் ஓட விடுங்கள். ஈரம் கூடினால் குழாய் அல்லது அதன் கழுத்து.

அடுத்து தரை மட்டும். வடிகாலை ரப்பர் அடைப்பானால் அடைத்து, 2 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டுங்கள். வாசற்படியைத் தாண்டி வழியக்கூடாது, சுவர் டைல்ஸையும் நனைக்கக்கூடாது. மட்டத்தை டேப்பால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 20 கிலோ எடைதான் ஏறும், பயமில்லை. ஆவியாவதைக் கழிக்க, அதே அறையில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து அதன் மட்டம் எவ்வளவு இறங்கியது என்று ஒப்பிட வேண்டும். இதை விட்டுவிட்டு "2 மி.மீ. குறைந்திருக்கிறது" என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

கடைசியில் சுவர் டைல்ஸ். ஷவரைத் திருப்பிச் சுவர் மேல் மட்டும் அடிக்க விடுங்கள், 15 நிமிடம்.

மூன்றையும் ஒரே நாளில் செய்தால் எது கசிந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஃப்ளஷ் டேங்க் தனி. உணவில் சேர்க்கும் வண்ணத்தைச் சில சொட்டு டேங்கில் விட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பைக்குள் நிறம் வந்தால் வால்வு ரப்பர் தேய்ந்திருக்கிறது. அது சுவரை நனைக்காது, ஆனால் மீட்டர் சோதனையைக் குழப்பிவிடும். டேங்க் வால்வை மூடச் சொன்னது அதற்குத்தான்.

#4 – வாசற்படி

உரிமையாளர் பக்கமும் ஒரு வார்த்தை. அடிச்சுவரில் ஈரம் என்றாலே நிலத்திலிருந்து ஏறும் ஓதமாக இருக்கலாமே? துளை போட்டு ரசாயனம் செலுத்தினால் தீரும் என்கிறார்கள். மேல்மூலைப் பூஞ்சையைப் பொறுத்தவரை ஜன்னல் திறக்காததுதான் காரணம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

#5 – ரசமட்டம்

நிலத்து ஓதத்துக்கு ஒரு முகம் உண்டு. தரைத்தளத்தில்தான் வரும். சுவர் நெடுக ஏறத்தாழ ஒரே உயரத்தில் அலைபோல வரும், பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும். 60 செ.மீ. அகலத்துக்கு மட்டும், அதுவும் குளியலறைக்கு நேர் பின்னால் ஏறுகிற நிலத்து ஓதம் அபூர்வம். சந்தேகம் இருந்தால் வெளியே போய் மண்மட்டத்தைப் பாருங்கள். ஓதத் தடுப்பு வரிசைக்கு (நிலத்து ஈரம் ஏறாமலிருக்க அடிச்சுவரில் வைக்கும் நீர்புகா அடுக்கு) 15 செ.மீ. கீழே மண் இருக்க வேண்டும். பூந்தொட்டி மேடையோ புதிதாகப் போட்ட நடைபாதையோ அதை மூடியிருந்தால், மண்ணை வெட்டி எடுப்பதுதான் மருந்து. துளை போட்டு ஊசி ஏற்றுவது கடைசி யோசனை. காரணம் தெரியாமல் ரசாயனம் ஏற்றினால் பணம் மட்டும்தான் உறிஞ்சப்படும்.

ஒரு எச்சரிக்கை: ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானிகள் மரத்துக்காக அளவிடப்பட்டவை. சுவரில் அவை காட்டும் எண் சதவீதமே அல்ல. உப்பு இருந்தால் காய்ந்த சுவரையும் ஈரம் என்று காட்டும். ஒரே சுவரில் இந்த இடத்தையும் அந்த இடத்தையும் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். அந்த எண்ணை வைத்து யாராவது மதிப்பீடு கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஜன்னல் விஷயத்தில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். 22 டிகிரி வெப்பமும் 65% ஈரப்பதமும் உள்ள அறையில், சுவர்ப்பரப்பு 15 டிகிரிக்கு இறங்கினால் நீர் துளிர்க்கும். ஆனால் பூஞ்சைக்குத் துளிர்க்கவே வேண்டியதில்லை. பரப்பை ஒட்டிய காற்றில் 80% ஈரப்பதம் தொடர்ந்து நின்றாலே முளைக்கும். மேலே சொன்ன அறையில் சுவர் 18.5 டிகிரி ஆனாலே அந்த நிலை வந்துவிடும். மூலையும் அலமாரியின் முதுகும்தான் அறையிலேயே குளிர்ந்த இடங்கள். அறைச் சூடு அங்கே போய்ச் சேராது, காற்றும் போகாது.

வெளியே குளிரும்போது ஜன்னலைத் திறப்பது நல்லது: 5 டிகிரிக் காற்று உள்ளே வந்து 22-க்குச் சூடானால், அது 90% ஈரத்தோடு வந்திருந்தாலும் 30% அளவுக்கு உலர்ந்துவிடும். வெளியே 30 டிகிரி, 85% ஈரம் என்றால் கதை தலைகீழ். அந்தக் காற்று 27 டிகிரிச் சுவரிலேயே துளிர்க்கும். ஏசி ஓடும் அறைக்குள் அதைத் திறந்துவிடுவது தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். ஆக "ஜன்னலைத் திற" என்பது எல்லா நாளும் எடுபடும் அறிவுரை இல்லை. ஈரப்பதமானி ஒன்று வாங்கி அறையில் வையுங்கள், 60%-க்குக் கீழே வைக்கப் பாருங்கள். எது கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று அதுவே காட்டிவிடும்.

#6 – தாழ்ப்பாள்

குடியிருப்பவர்களுக்கு: ஒரு முறை துவைத்த துணி அறைக்குள் காய்ந்தால் இரண்டு லிட்டர் தண்ணீர் வரை காற்றில் கலக்கும். வேறு இடமே இல்லை என்றால் குளியலறைக்குள் காயப்போட்டு, கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடுங்கள். குளித்த பிறகும் அந்த ஃபேன் 20 நிமிடமாவது ஓட வேண்டும். ஃபேன் வேலை செய்கிறதா என்பதற்கு ஒரு காகிதத் துண்டைக் கிரில் மேல் வையுங்கள். இழுத்துப் பிடித்துக்கொண்டால் சரி, விழுந்தால் குழாய் அடைத்திருக்கிறது அல்லது கதவுக்குக் கீழே காற்று வர இடுக்கு இல்லை. ஒரு செ.மீ. இடுக்காவது வேண்டும். ஃபேன் இழுக்காத வீட்டில் "காற்றோட்டம் செய்யவில்லை" என்று குடியிருப்பவரைக் குறை சொல்ல முடியாது.

அலமாரியை வெளிச்சுவரிலிருந்து 5 முதல் 10 செ.மீ. தள்ளி வையுங்கள். முடிந்தால் உட்சுவருக்கே மாற்றுங்கள்.

#7 – சாவிக்கொத்து

சோதனை முடிவுகள்:

மீட்டர்: இரண்டு மணி நேரத்தில் அசையவில்லை.
அலுமினியத் தாள்: கீழ்த் திட்டில் சுவர்ப் பக்கம் ஈரம். மேல்மூலையில் அறைப் பக்கம் துளி.
வடிகால்: மாற்றமில்லை.
தரை நீர்க்கட்டு: 24 மணி நேரத்தில் தரையில் 9 மி.மீ. இறங்கியது, தட்டில் 2 மி.மீ. மறுநாள் திட்டு பென்சில் கோட்டை 4 செ.மீ. தாண்டிவிட்டது.
எக்ஸாஸ்ட் ஃபேன்: காகிதம் நிற்கவில்லை.

ஷவர் சோதனை செய்யவில்லை, அதற்குள்ளேயே பதில் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. இருவருக்கும் இதைக் காட்டினேன். உரிமையாளர் தரைக்கும் சுவருக்கும் நடுவே சிலிக்கான் அடித்து முடித்துவிடலாம் என்கிறார்.

#8 – சொட்டுநீர்

அருமையான பதிவு. தட்டு வைத்துப் பார்த்ததற்குத் தனி நன்றி, பலர் வைப்பதில்லை.

சிலிக்கான் போதுமா என்பது தண்ணீர் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. டைல்ஸும் கிரவுட்டும் (டைல்ஸ் இடுக்கை நிரப்பும் கலவை) தண்ணீரைத் தடுப்பவை அல்ல. சிமென்ட் கிரவுட் தண்ணீரை உறிஞ்சும். தடுக்க வேண்டியது டைல்ஸுக்கு அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சு. தரையும் சுவரும் சேரும் மூலையில் கட்டடம் நுண்ணளவில் அசைந்துகொண்டே இருக்கும், அங்கே கிரவுட் போட்டால் வெடிக்கும். அதனால் மூலையில் வளையக்கூடிய சிலிக்கான்தான் சரி. ஆனால் ஒரு நாளில் 7 மி.மீ. இறங்குகிறது என்றால் அடிப்பூச்சே விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். சிலிக்கான் சில மாதம் தாங்கும், பிறகு வேறு இணைப்பு வழியாக அதே தண்ணீர் வரும்.

முதலில் குறைந்த செலவில் சோதித்துப் பார்ப்பதில் தப்பில்லை. மூலைகளில் பழைய கிரவுட்டையும் சிலிக்கானையும் முழுதாகச் சுரண்டி எடுங்கள், பழையதன் மேல் புதியது ஒட்டாது. இரண்டு நாள் காய விட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, நியூட்ரல் வகை, பூஞ்சை தடுக்கும் சிலிக்கான் போடுங்கள். வினிகர் வாடை வரும் வகை உலோகத்தையும் சில கற்களையும் அரிக்கும். 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. பிறகு அதே நீர்க்கட்டுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தரையும் தட்டும் ஒரே அளவு இறங்கினால் பிழைத்தீர்கள். இல்லையென்றால் தரையை எடுத்தே ஆக வேண்டும்.

எடுத்தால்: வடிகாலை நோக்கி மீட்டருக்கு 1 முதல் 1.5 செ.மீ. சரிவு. மூலைகளில் வலை நாடா பதித்து, நீர்த்தடுப்பு இரண்டு கோட், இரண்டாவது முதலாவதுக்குக் குறுக்காக. சுவரில் குறைந்தது 15 செ.மீ. ஏற்றி, ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கு. வடிகால் கழுத்தைச் சுற்றியும் பூச்சு உள்ளே மடிய வேண்டும், பெரும்பாலான தோல்வி அங்கேதான். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே நீர்க்கட்டுச் சோதனை. ஒட்டிய பிறகு சோதிப்பது கல்யாணம் முடிந்த பிறகு பெண் பார்ப்பது மாதிரி.

#9 – குடக்கூலி

இனி காசு விஷயம். சட்டம் இடத்துக்கு இடம் மாறும், ஒப்பந்தத்தையும் உங்கள் ஊர் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மட்டும் சொல்கிறேன்.

குளியலறைத் தரை கட்டடத்தின் உறுப்பு. குடியிருப்பவர் அதைக் கெடுத்ததற்கு அடையாளம் இல்லாதவரை அது உரிமையாளர் பாடு. ஃபேனும் அப்படியே. மேல்மூலைப் பூஞ்சையில் பங்கு இரண்டு பக்கமும் உண்டு: ஃபேன் இழுக்காதது அவர், துணியும் அலமாரியும் இவர். சுத்தம் செய்யும் வேலையைக் குடியிருப்பவரும், ஃபேனைச் சரிசெய்வதை உரிமையாளரும் ஏற்றுக்கொண்டால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

பெயின்ட் செலவைக் குடியிருப்பவர் மேல் போட நினைத்தால் வயதைக் கழிக்க வேண்டும். ஒரு பூச்சுக்கு ஐந்து வருட ஆயுள் என்று இருவரும் ஒத்துக்கொண்டால், நான்கு வருடப் பழைய பூச்சில் மிச்சம் ஐந்தில் ஒரு பங்குதான். 100 செலவானால் கேட்கக்கூடிய உச்சம் 20, அதுவும் அவர் தவறு என்று நிறுவினால். பழையதற்குப் புதியதை வசூலிக்கும் இடத்தில்தான் பெரும்பாலான முன்பணத் தகராறு.

குடியிருப்பவர் கவனிக்க வேண்டியது: முதல் முறை பார்த்த அன்றே எழுத்தில் சொல்லுங்கள். எந்த அறை, எந்தச் சுவர், அளவு, என்று பார்த்தது, படம், எந்தெந்த நாளில் ஆள் வந்து பார்க்கலாம். இவ்வளவு போதும், கோபம் வேண்டாம். ஆறு மாதம் பேசாமல் இருந்தால், அந்த ஆறு மாதத்தில் கூடிய சேதம் உங்கள் பக்கம் திரும்பும். எழுதிச் சொல்லியும் உரிமையாளர் அசையவில்லை என்றால், அதற்குப் பிறகு கெட்ட பொருளுக்கு அவரிடம் கேட்கும் நிலை வலுவாகும். தேதி போட்ட கடிதம்தான் இரண்டு பக்கமும் பேசும்.

வாடகையை நிறுத்துவது: உங்கள் ஊர்ச் சட்டம் வெளிப்படையாக அனுமதிக்காதவரை செய்யாதீர்கள். ஓதத்துக்கான வழக்கு வாடகை பாக்கிக்கான வழக்காக மாறிவிடும், அதில் தோற்பது எளிது.

#10 – வாசற்படி

வயதுக் கழிவு நியாயம்தான். ஆனால் "அடையாளம் இல்லாதவரை" என்பதற்கு உரிமையாளர் என்ன செய்வது? குடிவரும்போது எடுத்த படங்கள் எல்லாம் அறை நடுவில் நின்று எடுத்தவை.

#11 – குடக்கூலி

அதுதான் கோளாறு. படம் எடுக்க வேண்டிய இடங்கள்: தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரியின் உட்புறம், குளியலறையை ஒட்டிய ஒவ்வொரு சுவரின் மறுபக்க அடிப்பகுதி, கூரை மூலைகள், ஜன்னல் சட்டத்தின் கீழ்மரம், மீட்டர் அளவு. ஒவ்வொரு சுவருக்கும் ஒரு தூரப்படம், ஒரு அருகுப்படம். இருவர் கையெழுத்தோடு ஒரு பட்டியல், ஆளுக்கு ஒரு பிரதி. காலி செய்யும்போது அதே வரிசையில் மறுபடி. "நல்ல நிலை" என்று மட்டும் எழுதிய பட்டியல் எழுதாததற்குச் சமம்.

#12 – தாழ்ப்பாள்

பூஞ்சையைச் சுத்தம் செய்யும் முறை, யார் செய்தாலும்: ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால் சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். முகக்கவசம் (துகள் வடிக்கும் வகை), கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த நிலையில் துடைப்பத்தால் தட்டாதீர்கள், வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். துடைத்த துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பிறகு சுவர் முழுதாகக் காய வேண்டும். ஒரு சதுர மீட்டரைத் தாண்டினால், அல்லது வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

ப்ளீச் ஊற்றுகிறவர்களுக்கு: காரைச் சுவரில் நிறம்தான் போகும், அதிலுள்ள தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். அதைவிட முக்கியம், குளியலறை கழுவும் ஆசிட்டோடும் அம்மோனியா கலந்த திரவத்தோடும் ப்ளீச் சேரவே கூடாது. நச்சு வாயு வரும், சிறிய குளியலறைக்குள் உயிருக்கே ஆபத்து.

#13 – சாவிக்கொத்து

உரிமையாளர் ஒத்துக்கொண்டுவிட்டார், தரையை எடுக்கிறார்கள். ஃபேன் குழாயில் பழைய குருவிக்கூடு. கடைசியாக ஒன்று: படுக்கையறைச் சுவருக்கு எப்போது பெயின்ட் அடிக்கலாம்? அடுத்த வாரமே ஆள் வருவதாகச் சொல்கிறார்.

#14 – ரசமட்டம்

அடுத்த வாரம் வேண்டவே வேண்டாம். கசிவு நின்ற பிறகு, தோராயமாக 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்று கணக்கு. உங்களுடையது ஒற்றைச் செங்கல் குறுக்குச் சுவர், 10 முதல் 11 செ.மீ. கனம் என்றால் நான்கு மாதம் ஆகலாம். மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் வைத்தால் குறையும். ஹீட்டரை நேராகச் சுவருக்குக் காட்டாதீர்கள், மேல்தோல் காய்ந்து உப்பு உள்ளே சிக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: ஈரம் ஏறிய உயரத்துக்கு மேல் 30 செ.மீ. வரை பூச்சைக் கொத்தி எடுங்கள். உப்பு அந்தப் பூச்சில்தான் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு மேலே அடித்தால் மழைநாள் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். வெளியே வரும் உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும். செங்கல் தெரிய அப்படியே விட்டுவிடுங்கள், பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அலுமினியத் தாளை மறுபடி ஒட்டிப் பாருங்கள். சுவர்ப் பக்கம் உலர்ந்திருந்தால் பூசலாம், நனைந்திருந்தால் மறுமாதம் மறுபடி. பூச்சும் பெயின்ட்டும் காற்று விடும் வகையாக இருக்கட்டும். பளபளக்கும் எனாமல் அடித்தால் மிச்ச ஈரம் அதையும் தூக்கிவிடும்.

பெயின்டரிடம் தேதியை மாற்றச் சொல்லுங்கள். பென்சில் கோட்டை மட்டும் அதற்குள் யாரும் துடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.